பட்டத்தில் ஏறிய கமரா

தை மாதக் காற்றில், காங்கேசன்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்ற வந்த ஒருவரைக் கண்டேன். மெலிந்த உடம்பு, வெயிலில் கறுத்த முகம். ஆளுயரப் பட்டம் ஒன்றின் நடுவில் தீப்பெட்டி போன்ற சின்னக் கமராவைக் கட்டிக்கொண்டிருந்தார். பற்றரி வீங்கியிருந்ததால் அதன் மூடி பூட்டுப்படவில்லை. மேலே ரப்பர் பட்டி சுற்றியிருந்தார்.

"பழசாப் போச்சுப்போலை, அண்ணை. புதுசு வந்திருக்கெல்லே?" என்றேன்.

"வந்தது. ஆசைப்பட்டு வாங்கினனான். முன்னுக்கொரு திரை, பின்னுக்கொரு திரை. மேலை ஆர் இருந்து பாக்கிறது? அந்தப் பாரத்துக்குப் பட்டம் தலைகுத்தி விழுது. பிறகு வந்தது அதைவிடப் பெரிசு. இந்தச் சின்னனை இப்ப செய்யிறேல்லையாம்."

"இது விழுந்திட்டால்?"

"அதை மட்டும் கேக்காதேங்கோ."

பட்டம் பனங்கூடலுக்கு மேலே ஏறியது. கூட வந்த அவருடைய நண்பர் ஒருவர் கயிற்றைப் பிடித்திருந்தார். காற்று முறுகும்போதெல்லாம் இவருடைய கை சட்டைப் பைக்குப் போனது. கமரா வழக்கமாக இருக்கும் பை அது. இப்போது வெறும் பை.

ஒருவழியாக இறக்கியதும் கமராவைக் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தார். பிறகு அது எடுத்த வீடியோவைக் கைபேசியில் போட்டு, "என்ன வடிவு, பாத்தீங்களே!" என்றார்.

கடலும் பனையும் வடிவுதான். பட்டம் தாழ்ந்துவந்த இடத்தில் எங்கள் முகங்கள் தெரிந்தன. நானும் கயிறு பிடித்த நண்பரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் சட்டைப் பையைப் பொத்தியபடி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார்.