மயங்கிய சிறுத்தைக்கு ஒரு வாய் தண்ணீர்

ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவரை இரண்டு காரியங்களுக்குத்தான் கூப்பிடுவார்கள்: கல்யாணம், அல்லது யாரும் பொறுப்பேற்க விரும்பாத வேலை. அன்று இரண்டாவது. அரியலூர் பக்கம் ஒரு மக்காச்சோள வயலில், காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் சிறுத்தை மாட்டியிருந்தது. இடுப்பை இறுக்கிய கம்பியை வெட்டாவிட்டால் பிழைக்காது. வனத்துறை டாக்டர் மயக்க ஊசியைச் சுடுவார். மூச்சையும் உடல் சூட்டையும் நான் கவனிக்க வேண்டும்.

எடையைக் கண்ணால் மதிப்பிட்டு மருந்து ஏற்றினோம். ஊசி தொடையில் பாய்ந்தது. பிறகு வேண்டியது அமைதி மட்டும். சுற்றி நின்ற கூட்டத்திடம் அதைக் கேட்பதற்குப் பதில் சிறுத்தையிடமே கேட்டிருக்கலாம்.

தலை சாய்ந்தது. கழியால் காதைத் தொட்டோம், அசைவில்லை. டாக்டர் கம்பியை வெட்டக் குனிந்தார். நான் வால் பக்கம் தெர்மாமீட்டரோடு இருந்தேன். முகத்தை மூட வேண்டிய துணி ஊழியர் ஒருவரின் ஒரு கையில், செல்போன் மறு கையில். அவர் படம் எடுத்து முடிக்கும்வரை சிறுத்தை விழித்த கண்ணோடு கிடந்தது. அந்த மருந்தில் கண் மூடாது. வயலுக்குச் சொந்தக்கார அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? போகிற உயிருக்கு வாயில் ஊற்றுகிற வழக்கம்தான் தெரியும். குனிந்து வந்து அதன் வாயில் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துவிட்டார்.

“ஊத்தாதீங்கம்மா” என்றேன்.

“கண்ணு நட்டுக்கிச்சே சார். வெறும் வாயோட போவ வுடறதா?”

“சாவல, தூங்குது. இப்ப அதால முழுங்க முடியாது. தண்ணி நுரையீரலுக்குப் போயிடும்.”

“கண்ணத் தொறந்துகிட்டா தூங்கும்?”

“ஆபீஸ்ல எல்லாரும் அப்புடித்தான தூங்குறாங்க” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

தலையைத் தாழ்த்திப் பிடித்து, வாயைத் துடைத்தோம். மூச்சு களகளத்தது, நின்றது, மறுபடி வந்தது. காயத்தைத் தைத்து, கூண்டில் ஏற்றி, மயக்கத்தை முறிக்கும் ஊசி போட்டோம். சிறுத்தை எழுந்து நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள். நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டிருந்த நானும் டாக்டரும் தட்டவில்லை.

சில நாளில் நுரையீரலில் சளி கட்டி, காய்ச்சல் கண்டு கூண்டிலேயே இறந்தது.

அந்த அம்மா பஸ் ஏறிப் பெரம்பலூரில் என் வீட்டுக்கு வந்தார்.

“நான் ஊத்துன தண்ணியாலயா சார்?”

வேறு மாதிரிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “தண்ணியாலதாம்மா.”



“கம்பி கட்டுனது எங்க வூட்டுக்காரருங்க. அதான் மனசு கேக்காம ஊத்துனேன். பாரஸ்ட்டுக்காரங்க வந்து கேட்டப்ப யாருன்னு தெரியாதுன்னுட்டோம்.”

பிறகு, வனத்துறை அலுவலகம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.