மூன்றாம் தடவை கேட்காத மனிதர்

சனிக்கிழமை எட்டு மணி அடித்தால் மினியாபோலிஸில் பெண்கள் எல்லாம் டிவி முன்னால்தான். கல்யாணம் கட்டாமல், செய்தி அறையில் வேலை பார்த்து, தன் காலில் நிற்கும் ஒருத்தியின் கதை அப்போதுதான் வரும். கதை நடப்பதும் இதே ஊரில். அதனாலேயே ஆர்டிஸ் லிண்ட்குவிஸ்ட்டை எல்லோரும் கேலி செய்வார்கள். முப்பத்து மூன்று வயது, தனியாளாக வாடகை வீடு, உள்ளூர் டிவி நிலையத்தில் வேலை. ஒரே வித்தியாசம், டிவியில் வருகிறவள் தயாரிப்பாளர். ஆர்டிஸ் ஒன்பது வருஷமாகத் தட்டச்சு செய்பவள். ஆறு மணிச் செய்தியில் பாதியைத் திருத்துவது என்னவோ அவள்தான்.

அந்தச் சனிக்கிழமை மாடி வீட்டு நர்ஸ் பெர்னிஸ் வழக்கம்போல அந்தத் தொடரைப் பார்க்க வந்தாள். ஆர்டிஸ் டிவியைப் போடவே இல்லை.

"என்னடி, எழவு விழுந்த மாதிரி உக்காந்திருக்க?"

"எங்க புதுச் செய்தி ஆசிரியர் காஸ்டெல்லோ இருக்காரே, நேத்து கூப்பிட்டாரு. ஆறு மணிச் செய்திக்கு நீங்களே தயாரிப்பாளரா இருங்கன்னாரு."

"அடிப் பாவி, நல்ல சேதிதானே. நீ என்ன சொன்ன?"

"எனக்கெதுக்கு சார், வேற நல்ல ஆளாப் பாருங்கன்னேன்."

"அதுக்கு அவரு?"

"சரின்னுட்டாரு."

பெர்னிஸ் தலையில் அடித்துக்கொண்டாள். இந்த ஊரில் காபி கொடுத்தால்கூட முதல் தடவை வேண்டாம் என்பார்கள். இரண்டாம் தடவையும் வேண்டாம்தான். மூன்றாவதாகக் கேட்டால், 'கொஞ்சமா ஊத்துங்க' என்று கோப்பையை நீட்டுவார்கள். முதல் தடவையே நீட்டினால் அலைகிறவள் என்று பெயர். நியூயார்க்கிலிருந்து வந்து இரண்டே மாதம் ஆன மனிதருக்கு இதை யார் சொல்லியிருப்பார்கள்?

"விளையாட்டுச் செய்தி வாசிக்கற டேலுக்கு அந்த வேலையக் குடுத்துடுவாரு. அவனுக்கு மேயர் பேரே தெரியாது," என்றாள் ஆர்டிஸ். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அப்ப நீயே போய்க் கேளு."

"நானாப் போயா? நல்லாவா இருக்கும்?"

"வாராவாரம் அந்தப் பொண்ணுக்குக் கைதட்டற இல்ல? வீட்டுக்குள்ள தட்டறதோட சரியா?"

திங்கட்கிழமை காலை ஆர்டிஸ் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தபோது காது இரண்டும் சுட்டன.

"சார், அந்த வேலை எனக்கு வேணும்."

"வேணாம்னீங்களே?"

"அது முதல் தடவை. எங்க ஊர்ல மூணு தடவ கேக்கணும்."

காஸ்டெல்லோ பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப ரெண்டு மாசமா நான் சாப்பிடக் கூப்பிட்டவங்க அத்தனை பேரும் வேணாம்னது?"

"நீங்க திரும்பக் கூப்பிடுவீங்கன்னு காத்திருக்காங்க சார்."

"இங்க யாருக்கும் என்னைப் பிடிக்கலன்னு நெனச்சு தனியாவே தின்னுட்டிருக்கேன்," என்றார் அவர். பிறகு நெற்றியைச் சுருக்கினார். "இப்பத்தான் டேல்கிட்ட கேட்டேன். அவரும் வேணாம்னுட்டாரு. அதுவும் இதே கதைதானா?"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே டேல் ஒரே காகிதத்தை நான்காவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தான். அவனும் மறுபடி கேட்கக் காத்திருக்கிறான் என்று ஆர்டிஸுக்குப் புரிந்தது. வாயை மூடிக்கொண்டால் வேலை அவளுக்குத்தான்.

"அவருக்கும் வேணும் சார்," என்றாள் ஆர்டிஸ். "ஆனா என் அளவுக்கு வேலை தெரியாது."

தன்னைப் பற்றி வாய்விட்டு ஒரு நல்ல வார்த்தை அவள் சொன்னது அதுதான் முதல் முறை. காஸ்டெல்லோ பேனாவை மறுபடி கையில் எடுத்தார்.

"சரி, இன்னிக்கு ஆறு மணிக்கு முதல்ல எதைப் போடலாம்? சொல்லுங்க."

ஆர்டிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.