பந்துக்கு முன்னால் போன கை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில், ஒரு மாசி மாதம் என் கை கெட்டுப்போனது. வலி இல்லை, வீக்கம் இல்லை. பூப்பந்தை அடிக்க ஓங்கினால் பந்து வந்து சேர்வதற்குள் கை போய்விடும், அவ்வளவுதான். மஞ்சள் கம்பளிப் பந்து மட்டையின் விளிம்புக் கட்டையில் பட்டு, வலைக்கு இந்தப் பக்கமே தொப்பென்று விழும்.

செஞ்சி அணியில் ஆட்டக்காரர்கள் ஐந்து பேர். பின்வரிசையில் இடது பக்கம் என்னுடையது. பல வருஷமாக அந்த இடத்தை வேறு யாரும் கேட்டதில்லை. கோடை லீவில் அவலூர்பேட்டையில் போட்டி. பங்குனி முடிவதற்குள் கை சரியாகாவிட்டால் காலேஜில் படிக்கும் ஒருவனைப் போட்டுக்கொள்ளப் போவதாகக் கேப்டன் சொல்லிவிட்டார். நல்ல மனுஷர், தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். பகலெல்லாம் வல்லத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டை கிழியக் கத்தல், வீட்டுக்கு வந்தால் ரேஷன் அரிசிக்கு அலைச்சல், பிள்ளைகளுக்கு மாறி மாறிக் காய்ச்சல். இதற்கு நடுவில், ‘பின்னாடி வாத்தியார் இருக்காரு, விடு’ என்று நாலு பேர் என்னை நம்பி நின்ற இடம் அது ஒன்றுதான். அதுவும் போனால் அப்புறம் என்ன மிச்சம் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

ஊரில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். கேப்டன் காலை அகட்டி வைக்கச் சொன்னார். டீக்கடைக்காரர் டம்ளரை ஆற்றிக்கொண்டே, “பிடி சரியில்ல வாத்தியாரே, கீழ எறக்கிப் புடி” என்றார். அவர் ஜென்மத்தில் மட்டையைத் தொட்டதில்லை. என் அம்மா மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். “ஒரு வாரம் ஒழுங்கா தூங்கினா எல்லாம் சரியாப்பூடும்” என்றாள் என் வீட்டுக்காரி. அவள் சொன்னதுதான் நியாயம், ஆனால் தூக்கத்தை எங்கே போய் வாங்குவது? எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு களத்தில் இறங்கினால், காலை நினைத்தபோது பிடி மறந்தது, பிடியை நினைத்தபோது பந்து தலைக்கு மேல் போயிருந்தது. சே, என்ன பிழைப்பு இது என்று மட்டையை வீசி எறியத் தோன்றும். குனிந்து எடுக்க வேண்டுமே என்று எறியாமல் இருந்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வல்லத்திலிருந்து சைக்கிளில் வரும்போது வழியெல்லாம் எதிர்வெயில். களத்துக்கு வந்து சேரும்போது கண்ணில் பொட்டுப் பொட்டாகப் பூச்சி பறக்கும், உள்ளங்கை மரத்திருக்கும். மற்றவர்கள் ஆட்டத்தை முடித்துச் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். எனக்கென்று நின்றவன் ஒருத்தன்தான். முன்வரிசை ஆட்டக்காரன், என் வயசுக்காரன், கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த சமணக் குடும்பத்துக்காரன். அவர்களை ஊரில் நயினார் என்பார்கள், நானும் நயினாரே என்றுதான் கூப்பிடுவேன்.

அவன் வைத்தியம் எதுவும் சொல்லவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் நின்று பந்தைப் போட்டான். நான் தப்பாக அடித்தேன். மறுபடி போட்டான். தினமும் சாயங்காலம் இதேதான்.

“இன்னா அவசரம் ஒனக்கு? பஸ்ஸா புடிக்கப் போற?” என்பான். “பந்து வரட்டும். அது வந்துதான் ஆவணும், வேற எங்க போவும்?”

வெயில் கோட்டை மலைக்குப் பின்னால் இறங்கியதும் எனக்கு உறுத்தும். அவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார்கள். விட்டால் மறுநாள் சூரியன் வந்த பிறகுதான். ஊருக்கே தெரிந்த விஷயம்.

“நயினாரே, நேரமாச்சு. போய்ச் சாப்பிடு.”

“சாப்ட்டுத்தான் வந்தேன். நீ மட்டையத் தூக்கு.”

நானும் நம்பினேன். பங்குனி நடுவில் ஒரு நாள், காரணமே தெரியாமல், கை காத்திருந்தது. பந்து வந்தது, அப்புறம்தான் கை போனது. மட்டை நரம்பின் நடுவில் பந்து பட்ட அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும். அவன் வலையைத் தாண்டி ஓடிவந்து என் முதுகில் ஓர் அறை விட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பேசிக்கொண்டே அவன் வீட்டு வாசல்வரை போனோம்.

அவன் பின்கட்டுக்குக் கால் கழுவப் போனான். அவன் மனைவி விளக்கோடு நடையில் நின்றிருந்தாள்.

“அண்ணா, நீங்க சாப்டீங்களா?” என்றாள்.

“இனிமேதாம்மா.”

“நீங்க போய்ச் சாப்டுவீங்க. இவரு இப்பிடியே தண்ணிகூடக் குடிக்காம படுப்பாரு. கடைய மூடிட்டு நேரா அங்கதான் போறாரு. மாசி பொறந்ததுலேர்ந்து ராவுக்கு சோறே கெடையாது. ஒடம்பப் பாருங்க, எப்பிடி வத்திப்போச்சு. ஒரு ஆட்டத்துக்காவ இன்னாண்ணா இது?”

அவள் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அலுத்துப்போன குரலில் சொன்னாள். என் வீட்டிலும் கேட்கிற குரல்தான் அது.

மறுநாள் காலையில் வல்லத்துக்குப் போகிற வழியில் கேப்டன் வீட்டுக் கதவைத் தட்டி, காலேஜ் பையனையே போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். கை சரியாகிவிட்டது, ஆனால் இன்னும் நாலு வாரம் தினமும் ஆடினால்தான் நிலைக்கும். அந்த நாலு வாரமும் அவன் பட்டினி கிடப்பதைத் தெரிந்துகொண்டே மட்டையைத் தூக்க என்னால் முடியாது. பெரிய காரியம் செய்துவிட்ட நிம்மதியில் அன்றைக்குப் பாடம்கூட நன்றாக நடத்தினேன்.

சாயங்காலம் அவன் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவன் ஒரு பித்தளைக் குடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்து முடித்துவிட்டுத்தான் கேட்டான்.

“அவ சொன்னாளா?”

“ஆமா.”

“சரி. சோத்த விட்டது நானு. அது என் சோறு, என் வயிறு. என்னிக்காவது ஒன்னாண்ட வந்து பசிக்குதுன்னு சொன்னேனா?”

“இல்ல நயினாரே, நீ எனக்காவ—”

“ஒனக்காவன்னு யாருய்யா சொன்னது?” என்றான். “காலைலேர்ந்து இதே கல்லாவுல குந்திக்கினு எண்ணெய் எறங்காத செக்கு மாதிரி கெடக்கறேன். அந்த ஒரு பொழுதுதான்யா நான் மனுசனா இருந்தேன். அத விட்டுக்குடுக்க நீ யாரு?”

அவன் குடத்தை மேல்தட்டில் வைத்துவிட்டுக் கடையைச் சாத்த ஆரம்பித்தான். வெளியே இன்னும் நல்ல வெயில் இருந்தது.

அன்றிலிருந்து அவன் பொழுதோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டான். அவன் மனைவி என்னைச் சந்தைப்பக்கம் பார்த்தபோது, “நல்லா இருப்பீங்கண்ணா” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவலூர்பேட்டைக்கு அவனும் போகவில்லை. அதற்குப் பிறகு அவன் மட்டையைத் தொட்டதை நான் பார்க்கவில்லை.