யாருமில்லாத வீட்டின் படம்

என் வீட்டுக்காரர் வெல்கோவுக்கு அருவருப்பு என்பது பிறவியிலேயே கிடையாது. ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு கேமரா வாங்கினார். அன்று பிடித்தது எனக்குச் சனி.

டான்யூப் ஆற்றங்கரையில் எங்கள் பக்கம் பூட்டிய வீடுகளுக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகள் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள், பெற்றவர்கள் மண்ணுக்குள் போய்விட்டார்கள். வெல்கோ அந்த வீடுகளுக்குள் புகுந்து உளுத்த நாற்காலி, ஒற்றைச் செருப்பு என்று படம் எடுப்பார். பிடித்ததை வீட்டுக்கும் தூக்கி வருவார். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் எலிப் புழுக்கையோடு ஒரு பால் பாத்திரம்.

"எவ்வளவு அழகு," என்றார் மெதுவாக, கோயிலில் பேசுவதுபோல.

"நாத்தம் குடலைப் புடுங்குது. மொதல்ல கையக் கழுவுங்க."

அறுபத்தேழு வயதில், ஊர் மன்றத்தில் அவருக்கு முதல் கண்காட்சி. சட்டைக்கு நானே இஸ்திரி போட்டேன். நடுச்சுவரில் பெரிய படம்: பக்கத்து ஊரில் ஒரு சமையலறை, மேசையில் பச்சைப் பூசணம் பூத்த ரொட்டி, ஈ மிதக்கும் தண்ணீர்த் தம்ளர். கீழே 'யாருமில்லாத வீடு' என்று எழுதியிருந்தது. அந்த வீட்டுக் கதவில் ஒட்டியிருந்த இறப்பு அறிவிப்பு மழையில் கரைந்திருந்ததாம். நாங்கள் அதைக் கிழிப்பதில்லை, தானாக உதிரும்வரை விட்டுவிடுவோம். அதனால் எப்போதோ ஆள் செத்துக் காலியான வீடு என்று நினைத்துவிட்டார். வந்தவர்கள் ஈ மிதக்கும் தம்ளரைப் பார்த்துச் சொக்கிப்போனார்கள். தூ.

மாலையில் கறுப்புத் தலைத்துணியோடு ஒருத்தி வந்தாள். பெயர் நெவெனா என்றாள். அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"இது எங்க அடுப்படி. நாப்பது நாள் வரைக்கும் உயிரு வீட்டைச் சுத்துமே, எங்க அண்ணனுக்கு வெச்ச ரொட்டியும் தண்ணியும் இது. கதவைத் தெறந்து வெச்சிட்டு உள் ரூம்ல காய்ச்சலோட கெடந்தேன். யாரோ நடக்கற சத்தம். 'எவ்வளவு அழகு'ன்னு ஒரு குரல். அண்ணன் வந்துட்டாரு, பாத்தா போயிடுவாருன்னு கண்ணையே தெறக்கல. அன்னிக்குத்தான் என் அழுகை நின்னுச்சு." என் பக்கத்தில் கேமராவோடு நின்ற வெல்கோவைப் பார்த்தாள். "அது நீங்களா?"

வெல்கோ வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"படம் இவர் எடுத்ததுதான். ஆனா எடுக்கறப்ப வாயே தெறக்க மாட்டாரும்மா. அது உங்க அண்ணனாத்தான் இருக்கும்."

அவள் முகம் தெளிந்தது. திரும்பி, படத்திலிருந்த ரொட்டியை விரலால் தடவினாள். ஜன்னல் வெயில் அவள் கைமேல் விழுந்தது. என் பக்கத்தில் கேமராவைத் தூக்கும் சத்தம் கேட்டது.

"எவ்வளவு அழகு," என்றார் வெல்கோ, மெதுவாக.

எலிப் புழுக்கையைத் துடைத்தபோதுகூட எனக்கு அப்படிக் குமட்டியதில்லை. நெவெனாவின் விரல் ரொட்டியின் மேலேயே நின்றது.

"இந்தக் குரல்தான்," என்றாள், திரும்பாமலே.