எங்கள் சபைக்கு எழுப்புதல் வந்த வருடம்

போதகர் வேலையில் எழுப்புதல் வேண்டும், தூங்குகிற சபை விழித்தெழ வேண்டும் என்று ஜெபிப்பது சுலபம். அது வந்துவிட்டால்தான் கஷ்டம். சபை நடத்துகிற உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. தியாகதுருகம் பக்கத்தில் நாற்பது குடும்பங்கள் உள்ள பழைய சபை என்னுடையது. ஞாயிறு ஆராதனையில் பாதிப் பேர் தூங்குவார்கள். திருச்சபை முன்பெல்லாம் எப்படி மறுபடி உயிர்பெற்றது என்று புதன்கிழமைகளில் வரலாற்று வகுப்பு ஆரம்பித்தேன். அதோடு என் நிம்மதி போயிற்று.

வீட்டுக் கூட்டம்

ஜெர்மனியில் வழிபாடு வெறும் சடங்காகிப்போன காலத்தில், சிலர் வீடுகளில் கூடித் தாங்களே வேதம் வாசித்தார்கள். குருமார் மட்டுமல்ல, விசுவாசிகள் எல்லாருமே ஊழியர்கள் என்றார்கள். இதை நான் சொன்ன மறுவாரமே, நாற்று நடப் போகும் எஸ்தர் அக்கா வீட்டில் பதினைந்து பேர் கூடினார்கள். எனக்குச் சொல்லவில்லை. எதையாவது தப்பாகப் போதித்துவிடுவார்களோ என்று ஓடினேன். என்னைக் கண்டதும் எல்லாரும் வேதத்தை மூடிவைத்தார்கள். அக்கா நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஐயா, நீங்க வந்தா அல்லாரும் உங்க மூஞ்சியத்தான் பாக்கறாங்க. வேதத்தப் பாக்க மாட்டேங்கறாங்க."

எல்லைக்கல்

ஜெர்மனியின் அந்த வீட்டுக் கூட்டங்களில் தங்கள் குற்றத்தை மற்றவர் முன் அறிக்கையிடுவார்கள் என்றும் சொல்லியிருந்தேன். ஒரு ஞாயிறு, பிரசங்கத்தின் நடுவே மூப்பர் தேவசகாயம் எழுந்தார். கரும்பு விவசாயி; சபையில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"என் நெலத்துக்கும் தம்பி நெலத்துக்கும் நடுவுல இருந்த கல்ல நான்தான் நவுத்தி வெச்சேன்" என்றார்.

அந்தக் கல்லால் அண்ணனும் தம்பியும் பன்னிரண்டு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. தம்பி சாலமோன் பக்கத்து வரிசையில்தான் இருந்தார். அவர் எழுந்து அண்ணனை நோக்கி நடக்கவும், ஆலயத்துக்குள்ளேயே கைகலப்புதான் என்று நான் பிரசங்க மேடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவர் அடிக்கவில்லை. "இத்தினி வருசமா நான்தான் தப்பா அளந்துட்டனோன்னு நெனச்சிக்கினு இருந்தேண்ணா" என்றார்.

மலையில் பிரசங்கம்

அடுத்த வகுப்பு, இங்கிலாந்தில் தங்களுக்கு ஆலயக் கதவுகள் சாத்தப்பட்டதும் பிரசங்கிகள் வெட்டவெளியில் சுரங்கத் தொழிலாளிகளிடம் பேசியது. கல்வராயன் மலையில் எங்கள் சபையார் ஆறு குடும்பம் உண்டு. நான் மாதம் ஒருமுறைதான் போவேன். "நடுவுல நான் போறேங்க ஐயா" என்றார் எஸ்தர் அக்கா. எங்கள் திருச்சபையில் பெண்கள் பிரசங்கிக்க அனுமதி இல்லை. மேலிடத்துக்குத் தெரிந்தால் என் வேலைக்கே ஆபத்து. ஆனால் பாடம் நடத்தியவனே மறுப்பதெப்படி? கூடவே போய்க் கடைசியில் உட்கார்ந்தேன். முடிந்ததும் மலையூர்ப் பெண்மணி ஒருவர் என்னிடம் வந்தார். "போன மாசம் நீங்க பேசுனது நல்லா இருந்துதுங்க ஐயா. இவங்க பேசுனது புரிஞ்சுது."

விசாரணை

யாரோ அந்தக் கூட்டத்தை செல்போனில் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மேற்பார்வைப் போதகர் விசாரிக்க வந்தார். அதற்கு முந்தின நாளே என் மனைவி எதற்கும் இருக்கட்டும் என்று பெட்டிகளைத் தூசி தட்டிவைத்தாள்.

"யார் அனுமதி குடுத்தது?" என்றார் மேற்பார்வைப் போதகர்.

"நான்தான்" என்றேன்.

எஸ்தர் அக்காவையும் தேவசகாயத்தையும் தனித்தனியாக விசாரித்தார். கடைசியில் என் வகுப்பு நோட்டை வெகுநேரம் புரட்டினார். பிறகு, "நானும் இதையெல்லாம் பாடமா எடுத்தவன்தான். ஒவ்வொரு எழுப்புதலையும் விசாரிக்க ஒருத்தர் போயிருப்பார் இல்ல, அவர் பேரு மட்டும் ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அனுமதிக் கடிதமும் வரவில்லை, மாற்றல் உத்தரவும் வரவில்லை. எஸ்தர் அக்கா அவர் பாட்டுக்கு மலைக்குப் போய்வருகிறார், நான்தான் தபால்காரரைக் கண்டால் இன்னமும் வேறு தெருவில் திரும்பிவிடுகிறேன்.