நெடுங்கேணியில் ஒரு பாதிச் சுவர்

காலை 5.40. நசீர் நானாவின் வான் கிளிநொச்சி டிப்போச் சந்தியிலிருந்து புறப்பட்டது. வைகாசி மாதத்து ஞாயிறு. எங்கள் புகைப்பட வட்டத்தின் பயணங்களுக்கு வழமையாக ஒன்பது பேர் வருவோம். அன்று மூன்றே பேர். ஒருவருக்குக் கலியாண வீடு, ஒருவருக்குத் தடிமன், மற்றவர்களுக்கு நித்திரை. வானை ஓட்டிய நசீர் நானா முல்லைத்தீவுக்காரர். பறவையைத் தவிர வேறொன்றையும் படம் எடுக்க மாட்டார். முன் இருக்கையில் யோகன் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், வட்டத்தில் தலைவர். பின்னால் நான் கலா, மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவள். யாரோ பாவித்துக் கழித்த கமரா ஒன்றுக்குச் சொந்தக்காரி.

என் மடியில் ஒரு பெரிய கடித உறை இருந்தது. உள்ளே நான் எடுத்த படத்தின் பிரதி. பங்குனியில் நெடுங்கேணிக்குப் போனபோது, தண்ணீர் குடிக்க நின்ற வீட்டில் தவமணி அக்கா என்ற அம்மாவைக் கிணற்றடியில் நின்று தூர லென்ஸால் எடுத்திருந்தேன். அவருக்குத் தெரியாது. முற்றத்தில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்; பின்னால் பாதி இடிந்த சுவர். கொழும்பில் நடக்கப்போகும் கண்காட்சி ஒன்றுக்கு அதை அனுப்பினேன். வாசலிலேயே பெரிதாக மாட்டப்போகிறோம் என்று பதில் வந்தது. 'ஆறாத கண்ணீர்' என்று தலைப்பும் அவர்களே வைத்துவிட்டார்கள். அந்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் நான் சம்மதம் சொல்லவேண்டும்.

சொல்லவிடாமல் தடுத்தது வட்டத்தின் சட்டம். படம் வெளியே தொங்குமுன் அதில் இருப்பவரின் கைக்குப் போகவேண்டும், அவர் ஓம் என்று சொல்லவேண்டும். எங்கள் சனத்தின் முகங்கள் எந்தெந்த ஊர்ப் புத்தகங்களிலோ இருக்கின்றன, முகத்துக்குச் சொந்தக்காரர் மட்டும் கண்டதில்லை என்று மாஸ்டர் போட்ட சட்டம் அது. நல்ல சட்டம்தான். ஆனால் அன்று காலை அது எனக்குப் பிடிக்கவேயில்லை. கிளிநொச்சியில் மருந்து விற்கிறவளுக்குக் கொழும்பு வாசல் இன்னொருமுறை கிடைக்குமா?

6.15. இரணைமடுக் குளக்கட்டு. நசீர் நானா நீர்க்காகங்களைக் கண்டதும் வானையும் எங்களையும் மறந்துபோனார். வலை இழுத்துவிட்டு வள்ளத்தில் வந்த இருவர் பெரிய மீனொன்றைத் தூக்கிக் காட்டி, "எங்களையும் எடுங்கோ" என்றார்கள்.

"கமராவைப் பாக்காதேங்கோ, உங்கட பாட்டில வேலையைச் செய்யுங்கோ" என்றேன். இயல்பாக வரவேண்டும் என்பதற்காக நாங்கள் எல்லோருக்கும் சொல்லும் மந்திரம் அது.

"படம் எடுக்கிறது நீங்கள். பின்ன ஆரைப் பாக்கிறது?" என்று இளையவர் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அவர் மீனைக் கீழே வைத்த பிறகுதான் எடுத்தேன்.

8.30. மாங்குளம். கிளிநொச்சியிலிருந்து இருபத்தைந்து கிலோமீற்றர் சொச்சம். பிளேன்ரீ ஐம்பது ரூபா, உளுந்து வடை எழுபது. வடை நேற்றையது போலிருந்தது. கடைக்காரரிடம் கேட்டேன், "இல்லை பிள்ளை, முந்தநாளையான்" என்று நேர்மையாகச் சொன்னார். இங்கிருந்து கிழக்கே திரும்பினால் ஒட்டுசுட்டான், அங்கிருந்து தெற்கே நெடுங்கேணி. இருபக்கமும் காடு. யானை மிதித்த வேலிகளும் அவற்றை மறுபடி கட்டிக்கொண்டிருந்த ஆட்களும் வழியெல்லாம் தெரிந்தார்கள்.

"அவா மாட்டன் எண்டால்?" என்று வானுக்குள் கேட்டேன்.

"மாட்டன் எண்டால் மாட்டன்தான்" என்றார் மாஸ்டர். கணக்கு வாத்தியாரிடம் வேறென்ன விடையை எதிர்பார்ப்பது!

10.50. நெடுங்கேணிச் சந்தை கலைந்துகொண்டிருந்தது. அங்கிருந்து மூன்று கிலோமீற்றர் மண்பாதை, காட்டோரம் தவமணி அக்காவின் வளவு. ஐம்பது வயது மட்டில், ஒல்லியான உடம்பு, உரத்த குரல். எங்களைக் கண்டதும் கதிரைகளை இழுத்துப் போட்டார்.

"தண்ணிக்கு வந்த ஆக்கள்தானே? இருங்கோ, மோர் கரைக்கிறன்."

மோர் குடித்து முடியும்வரை எனக்குப் பொறுமையில்லை. உறையைப் பிரித்துப் படத்தைக் கொடுத்தேன். அவர் வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"இது நான் நெல்லு அவிக்கேக்க எடுத்ததெல்லே? பச்சை விறகு, கண்ணைத் திறக்க ஏலாத புகை. அண்டைக்கு முழுக்க மூக்கும் ஓடினது."

படத்தின் ஓரத்தில் மங்கலாக நெல் அவிக்கும் தகரப் பீப்பா தெரிந்தது. நான்தான் படத்தை வெட்டி அதை ஓரத்துக்குத் தள்ளியிருந்தேன்.

"கொழும்பில கண்காட்சி வைக்கினம் அக்கா. வாசலில இந்தப் படம் வரப்போகுது" என்று மாஸ்டர் விளக்கினார். தலைப்பையும் சொன்னார். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று நினைத்தேன், அவர் விடமாட்டார்.

அக்காவின் சிரிப்பு நின்றது.

"ஆர் அழுதது?"

படத்தில் இருந்த சுவரின்மேல் விரலை ஊன்றினார்.

"சுவரையும் சண்டையில செல் விழுந்த சுவர் எண்டு நினைச்சிருப்பினம், என்ன? அது புதுச் சுவர். மேசன் கோணலாக் கட்டிப்போட்டான். காசைக் குடுக்கமாட்டன் எண்டு சொல்லி, நான்தான் சம்மட்டியால இடிச்சனான். மிச்சத்தை இடிக்க இன்னும் நேரம் கிடைக்கேல்லை." என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நான் அழாத மனுசியில்லை. என்ர மனுசனைப் புதைச்ச இடத்தை விட்டிட்டு ஓடேக்க அழுதனான். அப்ப ஒரு கமராவும் வரேல்லை. இப்ப வீடு கட்டி, வயல் செய்து, நெல்லு அவிக்கிறன். இப்ப வந்து எடுத்துப்போட்டு அழுகிறன் எண்டுறியள். என்ர அழுகையை வைக்கிற இடம் எனக்குத் தெரியும். கொழும்பு வாசலில வைக்கமாட்டன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதோடு, மறைப்பானேன், கோபமும் வந்தது. ஒரு படத்துக்கு இவ்வளவா என்று. என் கண்முன்னால் அந்த வாசல் மூடிக்கொண்டிருந்தது. அழுகைதான் வந்தது, புகையில்லாமலே. அழுதால் இவர் என்னைப் படம் எடுத்தாலும் எடுப்பார் என்று அடக்கிக்கொண்டேன்.

"சரி அக்கா, இந்தப் படம் போகாது" என்றேன்.

"அப்ப வேற எடு. நான் சொல்லுற மாதிரி."

11.40. உள்ளே போனவர் குளித்து, பச்சைச் சேலை உடுத்து, தலையை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்தார். கையில் சம்மட்டி. பாதிச் சுவருக்கு முன்னால் போய் நின்று அதைத் தோளில் சாத்தினார். உச்சி வெயில். முகத்தில் நிழல் கண்டபடி விழுந்தது. படம் எடுக்கத் தெரிந்த எவரும் அந்த நேரம் கமராவை உறைக்குள் வைத்துவிடுவார்கள்.

"அக்கா, கொஞ்சம் சுவரைப் பாருங்கோ. இடிக்கிற மாதிரி..."

"சுவரை நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன். உன்னைத்தான் பாப்பன்."

பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் கமராவை நேராகப் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. ஏழு தடவை அழுத்தினேன். நசீர் நானாவும் தன் வாழ்நாளில் முதல்முறையாகச் செட்டை இல்லாத ஒன்றைப் படம் எடுத்தார். கமராத் திரையில் காட்டினோம். நான்காவதைத் தொட்டு, "இது நான்" என்றார் அக்கா. பழைய படத்தையும் திருப்பித் தரவில்லை. பேனை வாங்கி அதன் பின்பக்கத்தில் 'நெல் அவித்த புகை' என்று எழுதி, கையெழுத்தும் போட்டு, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

மத்தியானம் சாப்பிடாமல் போக விடவில்லை. புழுங்கலரிசிச் சோறும் குளத்து மீன் குழம்பும். அந்தப் புகையில் அவித்த அரிசிதான் என்று சொல்லிச் சொல்லி எனக்கு இரண்டாம் முறையும் போட்டார்.

4.20. மாங்குளம் வந்த பிறகுதான் போனில் சிக்னல் ஒழுங்காக வந்தது. கமராவிலிருந்து போனுக்கு எடுத்த புதுப் படத்தைக் கொழும்புக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 'பழையது வேண்டாம், அவர் அழவில்லை, இதைப் போடுங்கள். தலைப்பு: தவமணி, நெடுங்கேணி. இந்தச் சுவரை நானே இடித்தேன்.'

பத்து நிமிடத்தில் கண்காட்சிக்காரரே அழைத்தார். முதல் படம் மனதை உலுக்குகிறது, இதில் வெளிச்சம் சரியில்லை, உணர்ச்சியும் இல்லை, வாசலில் இதன் முன்னால் ஒருவரும் நிற்கமாட்டார்கள் என்றார். யோசியுங்கள், ஐந்து மணிவரை நேரமிருக்கிறது, இல்லாவிட்டால் வாசலை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டிவரும் என்றும் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார்.

"உணர்ச்சி இருக்குது ஐயா. உங்களுக்கு வேண்டின உணர்ச்சி இல்லை, அவ்வளவுதான். வாசலை மற்ற ஆளுக்கே குடுங்கோ."

அழைப்பைத் துண்டித்தேன். யோகன் மாஸ்டர் எனக்கொரு பிளேன்ரீ வாங்கித் தந்தார். தன் காசில் பிறருக்குத் தேநீர் வாங்குபவரல்ல அவர்.

"உனக்கு வாசல்தானே வேணும்?" என்றார். "உன்ர மருந்துக்கடைக்கும் ஒரு வாசல் இருக்குதெல்லே."

அடுத்த கிழமை, புதுப் படத்தின் முதல் பிரதியை நசீர் நானா நெடுங்கேணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். கடை வாசலில் மாட்ட ஓம் என்று சொல்லியனுப்பினார் அக்கா. சுவரின் மிச்சமும் போய்விட்டதாம். இரண்டாம் பிரதி மூன்றடி உயரத்தில் எங்கள் கடை வாசலில் தொங்குகிறது. முதலாளி இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு, மூன்றாம் நாள் தானே தூசு தட்டினார். காய்ச்சலுக்கும் கால்வலிக்கும் மருந்தெடுக்க வருகிற சனம் அதன் முன்னால் நின்றுவிட்டுத்தான் உள்ளே வருகிறது. ஒருவரும் பாவம் என்று சொன்னதில்லை.

"ஆர் பிள்ளை இந்த மனுசி, இப்பிடிப் பாக்கிறா?"

"சுவரை இடிச்சவா" என்கிறேன்.