ஆணியில்லாக் கோபுரம்

எந்த ஆண்டு என்று உறுதியாகச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. எனக்கு ஒன்பது வயது. ஜெர்மன்காரனோடு சண்டை இன்னும் தொடங்கவில்லை. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தொடங்கிவிட்டது. இந்த மூன்றும் நிச்சயம்.

யாழ்ப்பாணப் பட்டணத்தில் விவசாயக் கண்காட்சி. ஒவ்வொரு பகுதியாரும் தத்தம் பெருமை தோன்ற ஒரு வாயில் கட்டவேண்டும். சண்டிலிப்பாய் வாயிலை அம்மாவின் தம்பி, என் மாமா, கட்டினார். பனந்தூண், பனைமட்டை, ஓலை, நார்க்கயிறு, பனையன்றி வேறொன்றுமில்லை. மூன்று ஆள் உயரம். உச்சியில் ஒரு தட்டு. திறப்பன்று காகித முடி தரித்து, நந்திக்கொடி பிடித்து, யாழ்ப்பாணத் தாயாக நான் அதில் நிற்கவேண்டும்.

பக்கத்து வாயில் சாவகச்சேரியாருடையது. அவர்களுடைய மேஸ்திரியார் ஒருநாள் எங்களுடையதை அண்ணாந்து பார்த்தார்.

"உது கோபுரமோ, கோழிக்கூடோ? நாலு ஆணியாவது அடியுங்காணும்."

"ஆணி அடிச்சால் அது பனையின்ரை பெருமையோ, இரும்பின்ரை பெருமையோ?" என்றார் மாமா.

திறப்பன்று காலை ஏணியில் கால் வைத்தபோதுதான் கண்டேன். பச்சையாகக் கட்டிய மட்டைகள் வெயிலில் காய்ந்து சுருங்கியிருந்தன. கட்டுக்குள் என் விரல் நுழைந்தது.

"மாமா, கட்டு இளகிப்போச்சு."

மாமாவும் விரலை விட்டுப் பார்த்தார். முகம் கறுத்தது. ஆனால் கொழும்புத் துரைமாரின் கார்கள் வீதியில் தெரிந்துவிட்டன.

"ஒண்டும் நடக்காது மோனை. ஏறு. அசையாமல் நில்."

ஏறினேன். காற்று கொடியைப் பிடித்து இழுத்தது. தட்டு ஒருபக்கம் சரிந்து, கிறீச்சிட்டுத் திரும்பியது. கீழே எத்தனையோ முகங்கள். மாமாவின் முகம் மட்டும் இல்லை. அழுதால் காகித முடி நனையும் என்று அழவும் பயம். கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையாருக்கு மூன்று தேங்காய் நேர்ந்தேன். அடுத்த காற்றில் தட்டு ஒருமுறை நடுங்கிற்று. பிறகு அசையவேயில்லை. துரைமார் நிமிர்ந்து பார்த்துக் கைதட்டினார்கள்.

கடைசிக் கார் போய், என்னை இறக்கிய பிறகே, வாயிலின் அடியிலிருந்த ஓலைமறைப்புக்குப் பின்னாலிருந்து மாமா வந்தார். அவருக்குப் பின்னால் சாவகச்சேரி மேஸ்திரியார். இருவர் சட்டையும் வியர்வையில் ஊறியிருந்தன.

"நான் நிண்டதைப் பாத்தீங்களோ?"

"இல்லை மோனை."

இருவரும் சுருட்டுப் பிடிக்கப் போயிருந்தார்கள் என்று நினைத்தேன். மாமாவோடு கோபம் போட்டேன்.

மத்தியானம் அம்மா மாமாவுக்குச் சோறு குழைத்து ஊட்டினார். மாமாவின் கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன. உள்ளங்கைத் தோல் உரிந்து சிவந்திருந்தது. இவ்வளவு பெரிய ஆளுக்கு ஊட்டுகிறாரே என்று நான் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை மறக்காமல் மூன்று தேங்காயும் உடைத்து, கோபுரத்தைத் தாங்கிப் பிடித்ததற்காகப் பிள்ளையாருக்கு நன்றி சொன்னேன்.